பத்து வயதுச் சிமென்ட்டுக்கு ஐம்பது வருட ஆயுள் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 என்ற சிமென்ட் கரியமில வாயுவை 40 சதவீதம் வரை குறைக்கும், கடலோரத்தில் சாதாரண சிமென்ட்டைவிட அதிக நாள் தாங்கும் என்று படித்தேன். அந்தச் சிமென்ட்டில் கட்டிய முதல் கட்டடத்துக்கே இன்னும் பதினைந்து வயது ஆகவில்லை. ஐம்பது வருடம், நூறு வருடம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்? கான்கிரீட்டுக்குள் சென்சார் வைப்பது, கணினி மாடல் போடுவது என்பதெல்லாம் இதில் எங்கே வருகிறது?"

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐம்பது வருடம் என்பது யாரும் கண்ணால் பார்த்துச் சொன்ன எண் இல்லை, கணக்குப் போட்டு வந்த எண். கணக்கின் முறையில் கோளாறு கிடையாது. ஆனால் அதன் விடை, ஆய்வுக்கூடத்தில் சில மாதங்களில் அளந்துவிட முடியாத ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது. அந்த எண்ணை அளக்கத்தான் சென்சார் தேவைப்படுகிறது. சிமென்ட், சென்சார், மாடல் மூன்றையும் தனித்தனி ஆராய்ச்சிகளாகப் படித்தால் இது பிடிபடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிமென்ட். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டின் உயிர்நாடி கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு அதை எடுக்கிறார்கள். இதில் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து வெளிவிடுவது அது. சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்னும்போது, மிச்சமிருக்கும் நேரடியான வழி கிளிங்கரைக் குறைப்பதுதான்.

எல்சி3-இன் வழக்கமான கலவையில் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்ற விகிதம் இருக்கும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதே இல்லை, அரைத்துச் சேர்ப்பதோடு சரி. பீங்கான் செய்யும் உயர்தரக் களிமண்ணும் வேண்டாம், கயோலினைட் என்ற கனிமம் 40 சதவீதம் இருந்தாலே வேலை நடக்கும். பல சுரங்கங்களில் மேல்மண் என்று ஒதுக்கிக் கொட்டும் களிமண்ணிலேயே இந்த அளவு கிடைக்கிறது. சூளைக்கு ஒத்துவராத தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லையும் பயன்படுத்தலாம். நாம் ஏற்கெனவே பிபிசி சிமென்ட்டில் ஃபிளை ஆஷ் கலக்கிறோம். ஆனால் அந்தச் சாம்பல் நிலக்கரி மின்நிலையங்கள் ஓடும்வரைதான் வரும். களிமண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

சுவிட்சர்லாந்தின் லோசானில் கேரன் ஸ்க்ரிவனரும் கியூபாவின் சாந்தா கிளாராவில் பெர்னாண்டோ மார்ட்டிரேனாவும் சேர்ந்து முன்னெடுத்த இந்த வேலையில் ஐஐடி டெல்லிக்கும் ஐஐடி மெட்ராஸுக்கும் பெரிய பங்கு உண்டு. கலவையின் ஆயுள் பற்றிய முக்கியமான அளவீடுகள் பல சென்னையில்தான் எடுக்கப்பட்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஐஎஸ் 18189 என்ற தனித் தரத்தையே வெளியிட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்துச் சமாசாரம் என்ற நிலையை இந்தச் சிமென்ட் தாண்டியாகிவிட்டது.

உள்ளே நடப்பதையும் பார்த்துவிடுவோம். சுட்ட களிமண்ணில் இருக்கும் அலுமினா, சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டோடு சேர்ந்து கார்போஅலுமினேட் படிகங்களாக வளர்கிறது. இவை சிமென்ட் கூழின் நுண்துளைகளுக்குள் வளர்ந்து வழிகளைக் குறுக்குகின்றன. முதல் ஏழு நாட்களிலேயே இது கணிசமாக நடந்துவிடுகிறது. ஃபிளை ஆஷ் கலவை இதே நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இந்த வேக வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஆயுள் கணக்கு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அதைச் சுற்றியுள்ள காரத்தன்மையால். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. கடல் உப்பின் குளோரைடு நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே வந்து, கம்பியருகே ஒரு வரம்பைத் தாண்டியதும் படலம் உடைகிறது, துரு தொடங்குகிறது. குளோரைடு எவ்வளவு வேகமாக உள்ளே வரும் என்பதற்கு அடால்ஃப் ஃபிக் 1855-இல் தந்த விரவல் சமன்பாட்டைத்தான் இன்றும் எடுத்துக்கொள்கிறோம். தேவைப்படும் எண்கள் ஐந்து: மேற்பரப்பில் சேரும் குளோரைடு, விரவல் கெழு (கான்கிரீட் வழியாக உப்பு எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதன் அளவு), கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டான கவரின் தடிமன், துரு தொடங்கும் வரம்பு, கடைசியாக, கான்கிரீட்டுக்கு வயதாக ஆக விரவல் கெழு எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் முதுமை அடுக்கு.

பிரச்சினை இந்த ஐந்தாவது எண்ணில்தான். 28-ஆம் நாளில் விரவல் கெழுவை அளந்துவிடலாம். அதன்பின் காலம் 28 நாளைப் போல எத்தனை மடங்கு ஆகிறதோ, அந்த மடங்கை முதுமை அடுக்குக்கு உயர்த்தி, கெழுவை அதனால் வகுக்க வேண்டும். ஐம்பது வருடம் என்பது 28 நாளைப் போல சுமார் 650 மடங்கு. சாதாரண சிமென்ட்டுக்கு வழக்கமாக எடுக்கும் 0.2-ஐப் போட்டால் ஐம்பதாம் வருடத்தில் விரவல் கெழு மூன்றரை மடங்கு சொச்சம் குறைந்திருக்கும். ஃபிளை ஆஷோ இரும்பு உலைக் கசடோ நிறையச் சேர்த்த கலவைக்கு எடுக்கும் உச்ச மதிப்பான 0.6-ஐப் போட்டால் கிட்டத்தட்ட 49 மடங்கு குறையும். 28-ஆம் நாள் சோதனையின் எண் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு சிறிய தசமம் மாறியதும் விடை பத்து மடங்குக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதிகம் புழங்கும் லைஃப்-365 என்ற மென்பொருள் இதனால்தான் 25 வருடத்துக்குப் பிறகு இந்தக் குறைவை நிறுத்திவிடுகிறது. அது நல்ல முன்னெச்சரிக்கை.

எல்சி3-க்கு எந்த அடுக்கைப் போடுவது? ஃபிளை ஆஷ் கலவையில் அடுக்கு பெரிதாக இருப்பதற்குக் காரணம், 28-ஆம் நாளில் அதன் வேதிவினை பாதிகூட முடிந்திருக்காது. மிச்சம் வருடக்கணக்கில் நடந்து துளைகளை அடைக்கும். எல்சி3 அந்த வேலையில் பெரும்பங்கை முதல் வாரங்களிலேயே முடித்துவிடுகிறது. அதனால் அதன் 28-ஆம் நாள் கெழுவே மிகக் குறைவாக இருக்கிறது. அந்தக் குறைந்த கெழுவோடு ஃபிளை ஆஷின் பெரிய அடுக்கையும் சேர்த்துப் போடுவது ஒரே நன்மையை இரண்டு முறை எண்ணுவதாகும். எல்சி3-க்கு இருநூறு, முந்நூறு வருடம் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கில் எந்த அடுக்கு போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுக்கைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அளப்பதற்கு இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஜெர்மனியின் ஆகனில் உருவான அனோடு ஏணி. பார்க்கச் சின்ன ஏணி போலவே இருக்கும். படிகள் எல்லாம் சாதாரண இரும்புத் துண்டுகள். கான்கிரீட் போடும் முன் அதைச் சாய்த்து வைத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு படி மேற்பரப்பிலிருந்து 15 மில்லிமீட்டரில், அடுத்தது இன்னும் சற்று ஆழத்தில் என்று கம்பி இருக்கும் ஆழம் வரை படிகள் இறங்கும். ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு ஒயர் வெளியே ஒரு பெட்டிக்கு வரும். பக்கத்திலேயே துருப்பிடிக்காத உலோகத்தில் ஒரு கேதோடு, அதாவது இன்னொரு மின்முனை. படிக்கும் கேதோடுக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தை அவ்வப்போது அளக்க வேண்டும், அவ்வளவுதான். படலம் முழுசாக இருக்கும்வரை மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை. உள்ளே வரும் குளோரைடு அந்தப் படியைத் தொட்டுப் படலம் உடைந்த பிறகு அளவு சட்டென்று ஏறும். உண்மையான கம்பி இன்னும் பத்திரமாக இருக்கும்போதே, உப்பு எவ்வளவு ஆழம் வந்துவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

இதில் எச்சரிக்கை மட்டும் கிடைப்பதில்லை, அந்த ஐந்தாவது எண்ணும் கிடைக்கிறது. விரவலில் ஆழம் இரட்டிப்பானால் காலம் நான்கு மடங்கு ஆகும், கெழு மாறாமல் இருந்தால். முதுமை அடுக்கு 0.4 என்றால் அதே இரட்டிப்புக்குப் பத்து மடங்கு காலம் ஆகும். 15 மில்லிமீட்டர் படி மூன்றாம் வருடம் விழித்தது, அதாவது அதில் மின்னோட்டம் ஏறியது, என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிமீட்டர் படி பன்னிரண்டாம் வருடம் விழித்தால், கான்கிரீட் முதுமையில் எந்த முன்னேற்றமும் காட்டவில்லை. முப்பதாம் வருடம்தான் விழித்தது என்றால் அடுக்கு ஏறக்குறைய 0.4. இரண்டு படிகள் போதும், மாடலில் ஊகமாகப் போட்ட எண்ணைத் தூக்கிவிட்டு அளந்த எண்ணைப் போடலாம். முப்பதாம் வருடம்வரை காத்திருக்கவும் வேண்டாம். பதினைந்தாம் வருடத்திலும் இரண்டாம் படி அமைதியாக இருந்தாலே அடுக்கு சுழி இல்லை என்பது உறுதியாகிறது. ஊகத்தின் எல்லைகளை இப்படி வருடாவருடம் நெருக்கிக்கொண்டே வரலாம். புள்ளியியலில் பேய்ஸ் முறை என்று இதற்குத் தனிக் கணக்கே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்துவரும் உருப்படியான வேலை இதுதான் என்பது என் கருத்து. முதல் பத்து மில்லிமீட்டரை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே நனைவதும் காய்வதுமாக உப்பு உறிஞ்சப்படுகிறது, அது விரவல் விதிக்குள் வராது.

இப்போது சிக்கலான இடம். புதிய பொருள் வந்ததும் பழைய கருவிகள் பொய் சொல்லத் தொடங்குகின்றன. சைட்டில் துருவைக் கண்டறிய எல்லோரும் எடுப்பது அரைக்கல மின்னழுத்தம். காப்பர் சல்பேட் மின்முனையை மேற்பரப்பில் வைத்து, கம்பியோடு இணைத்து வோல்ட்மீட்டரைப் பார்ப்பது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துருவுக்கு 90 சதவீத வாய்ப்பு, மைனஸ் 200-க்கு மேல் இருந்தால் துரு இல்லாமலிருக்க 90 சதவீத வாய்ப்பு என்பது அமெரிக்கத் தர ஆவணத்தின் விளக்கம். இந்த எல்லைகள் சாதாரண சிமென்ட் கான்கிரீட்டின் அனுபவத்தில் வந்தவை. எல்சி3 கான்கிரீட்டின் மின்தடை எண் அதைவிடப் பல மடங்கு அதிகம். அவ்வளவு தடையுள்ள கான்கிரீட்டின் மேலே நின்று அளந்தால், உள்ளே நடப்பது அப்படியே மேற்பரப்புக்கு வந்து சேராது. துரு வேகத்தை அளக்கும் துருவத்தடை முறையிலும் இதே தொல்லை உண்டு: கான்கிரீட்டின் தடையை ஒழுங்காகக் கழிக்காவிட்டால் விடையே தவறிவிடும். ஐஐடி மெட்ராஸில் ராதாகிருஷ்ண பிள்ளை குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கம்பிக்குப் பக்கத்திலேயே மின்முனையைப் புதைத்து வைப்பது இதற்கு ஒரு மாற்று. அதனால்தான் எல்சி3 போன்ற பொருளுக்குச் சென்சாரைக் கான்கிரீட் போடும்போதே உள்ளே வைப்பது மேலும் முக்கியமாகிறது.

இதே வகையில் ஏமாற்றக்கூடிய இன்னொன்று, விரைவுக் குளோரைடு சோதனை. வெட்டிய கான்கிரீட் வட்டில் 60 வோல்ட்டை ஆறு மணி நேரம் செலுத்தி, கடந்த மின்னூட்டத்தைக் கூலம் என்ற அலகில் எடுப்பார்கள். 4000-க்கு மேல் மோசம், 1000-க்குக் கீழ் மிக நன்று. எல்சி3 இதில் பிரமாதமான எண்களைத் தரும். ஆனால் இந்தச் சோதனை துளையின் அமைப்பை மட்டும் அளப்பதில்லை, துளைக்குள் இருக்கும் நீர் எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. கிளிங்கர் குறைந்தால் அந்த நீரில் காரமும் குறையும், கடத்தலும் குறையும். எனவே கூலம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு என்று பெருக்கிவிடக் கூடாது. உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, ஆழம் ஆழமாகத் தூள் எடுத்து, குளோரைடை நேரடியாக அளந்த முடிவைத்தான் நான் மதிப்பேன். அந்தச் சோதனையிலும் எல்சி3 நன்றாகவே தேறியிருக்கிறது என்பதால்தான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். துரு தொடங்கும் குளோரைடு வரம்பு எல்சி3-இல் சாதாரண சிமென்ட்டைவிடக் குறைவு என்பதைச் சென்னை ஆய்வுகளே காட்டின. உப்பு மிக மெதுவாக உள்ளே வருவதால் மொத்தக் கணக்கில் எல்சி3 முந்துகிறது. ஆனால் விரிசல் வழியாக உப்பு நேரே கம்பிக்குப் போய்விட்டால் அந்த மெதுவான வருகை உதவாது. இரண்டாவது, கார்பனேற்றம். காற்றின் கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தைத் தணிக்கும்போது, கையிருப்பில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எல்சி3-இல் களிமண் அதைச் செலவழித்துவிட்டிருக்கும். உடைத்த கான்கிரீட்டின் முகத்தில் பினாப்தலீன் தெளித்தால் காரம் இருக்கும் இடம் அடர் இளஞ்சிவப்பாகும், காரம் போன ஓரம் நிறமற்று நிற்கும். ஒரே வயதுள்ள இரண்டு வார்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எல்சி3-இல் அந்த நிறமற்ற ஓரம் பொதுவாக அகலமாகவே இருக்கும். புதுக் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங்கில் கஞ்சத்தனம் செய்தால் இன்னும் அகலமாகும். கடலோரத்தில் உப்புதான் முதல் எதிரி என்பதால் எல்சி3 சரியான தேர்வு. உள்நாட்டு நகரங்களில், மழை படாத ஆனால் காற்றுப் படும் தூண்களுக்கு இந்தப் பக்கத்தையும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

மாடல் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. உப்பு, ஈரம், வெப்பம், கார்பனேற்றம், விரிசல் எல்லாம் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே நடப்பவை. கார்பனேற்றம், படிகங்களில் கட்டுண்டு கிடந்த குளோரைடையே மறுபடி விடுவிக்கும். ஐந்து எண்ணைப் போட்டு ஒரு விடை எடுப்பது இந்தச் சிக்கலுக்குப் போதாது. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பரவலை, அதாவது அது எந்த அளவுக்கு மாறலாம் என்பதை, கொடுத்து ஆயிரக்கணக்கான முறை கணக்கை ஓட்டுகிறார்கள். 2006-இல் ஐரோப்பாவை மையமாகக் கொண்ட கான்கிரீட் அமைப்பான எஃப்ஐபி தந்த விதிமுறைப்படி, இப்படி ஓட்டிய கணக்கில் கம்பியின் படலம் உடைந்திருக்க ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்பு வரும் காலம்தான் ஆயுள். ஆகவே ஐம்பது வருடம் என்று படித்தால், ஐம்பதாம் வருடம் கட்டடம் விழும் என்றும் பொருள் இல்லை, அதுவரை எங்குமே துரு வராது என்றும் பொருள் இல்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் துரு தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவை வைத்து ஆயுளைக் கணிப்பதாகவும் நிறையக் கட்டுரைகள் வருகின்றன. கலவை விகிதத்திலிருந்து 28-ஆம் நாள் வலிமையைச் சொல்ல அது நன்றாக உதவும், அதற்குத் தரவு மலைபோல் இருக்கிறது. ஐம்பது வருடத் தரவே இல்லாத பொருளுக்கு ஐம்பது வருடத்தை அதனால் சொல்ல முடியாது. இயற்பியல் தெரிந்த மாடலும் கான்கிரீட்டுக்குள் இருந்து வரும் அளவீடும்தான் அங்கே வேண்டும்.

ஒரு கணக்கை மட்டும் சைட்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கவர் 50 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் போட்டு, கம்பிமேல் ஆட்கள் நடந்து, அந்த இடைவெளியைப் பிடித்து வைக்கும் கவர் பிளாக் நகர்ந்து 40 ஆகிவிட்டது என்றால், கெழு மாறாத கணக்கில் ஆயுளில் 36 சதவீதம் போய்விடுகிறது. முதுமை அடுக்கு 0.4 உள்ள நல்ல கலவையில் பாதிக்கும் மேல் போகிறது. கலவை எவ்வளவு நன்றாக முதிர்கிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கவரும் விலை மதிப்பாகிறது. விலை உயர்ந்த ஆராய்ச்சியின் பலனைப் பத்து ரூபாய் பெறாத ஒரு கவர் பிளாக் தின்றுவிடலாம்.

விளைவு பெரிதாக இருக்கும் இடங்களில் வடிவமைப்பாளர்கள் இந்த அடுக்கை மட்டும் நம்பி இருப்பதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் அந்த உப்புக்காற்றோடு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது அதிகப்படியாகத் தெரியாது. அமெரிக்காவின் மினியாபொலிசில் 2007-இல் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்த இடத்தில் அடுத்த வருடமே திறந்த புதிய பாலத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட சென்சார்களைப் பதித்தார்கள். அதன் கான்கிரீட்டில் கசடும் ஃபிளை ஆஷும் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். கிளிங்கர் குறைந்த பொருளையும் அதைக் கண்காணிக்கும் கருவியையும் ஒரே கட்டுமானத்தில் சேர்த்ததற்கு அது நல்ல முன்மாதிரி.

கடலோரத்தில் வீடு கட்டும் எண்ணத்தில்தான் நீங்கள் கேட்டீர்கள் என்றால்: எல்சி3 கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், மூட்டையில் ஐஎஸ் 18189 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல பிபிசியோ கசடு சிமென்ட்டோ கடலோரத்துக்குச் ஓபிசி என்ற சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டைவிட மேல். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 கடலோரச் சூழலுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது, உப்புநீர் தெறிக்கும் இடத்துக்கு 50. கான்கிரீட் போடும் அன்று காலை டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். களிமண் கலந்த சிமென்ட்டுக்குத் தண்ணீர் தேவை சற்றுக் கூடும், வேலை ஓடவில்லை என்று மேஸ்திரி தண்ணீரைக் கூட்டப் பார்ப்பார். அதற்குப் பதில், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு வாரம், ஈரம் காயாமல் க்யூரிங் நடக்கட்டும். வீட்டுக்கு அனோடு ஏணி வைப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அடுக்குமாடி, மீன்பிடித் துறைமுகம், கடலோரப் பள்ளிக்கூடம் என்று பொதுப்பணத்தில் எல்சி3-இல் கட்டும் இடங்களிலெல்லாம் இரண்டு மூன்று ஏணிகளையாவது வைத்து, அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நம் வெயிலுக்கும் நம் உப்புக்கும் உரிய முதுமை அடுக்கு ஐரோப்பியக் கையேட்டில் கிடைக்காது, இங்கே அளந்தால்தான் கிடைக்கும்.